ஓரினமாகிய மனிதர், பல்வகைப் பண்பாடுகள்: கேள்வி பதில்

கேள்வி: பண்பாடுகள் வேறுபடுவதற்கு மரபணு வேறுபாடுதானே அடிப்படைக் காரணம்?

பதில்: இல்லை. மனிதரிடையே காணப்படும் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்தொகுதிக்கு உள்ளேயே அடங்கிவிடுகிறது என்று அமெரிக்க மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் 1972இல் எடுத்துக்காட்டினார், பிற்கால டி.என்.ஏ. ஆய்வுகளும் அதற்கு நெருக்கமான விடைகளையே தந்தன. பிறந்தவுடன் வேறொரு கண்டத்தாரால் தத்தெடுக்கப்பட்ட குழந்தை, பெற்றவர்களின் மொழியை அல்ல, வளர்த்தவர்களின் மொழியையே தாய்மொழியாகப் பேசுகிறது. இதற்கு மேலும் சான்று தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அப்படியானால், ஒரே மூலத்திலிருந்து வந்தவர்களிடம் இத்தனை வேறுபாடுகள் எவ்வாறு தோன்றின?

பதில்: நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளுள் சில மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் என்னும் இடத்தில் கிடைத்தவை, அவற்றின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். அதற்கு நெடுங்காலம் கழித்து ஆப்பிரிக்காவை விட்டுப் பரவியவர்கள், உறைபனி நிலத்துக்கும் பாலைக்கும் தொலைதூரத் தீவுகளுக்கும் ஏற்றவாறு உடல் மாறும்வரை காத்திருக்கவில்லை. தைத்த உடை, படகு, நச்சுக் கிழங்கைப் பக்குவப்படுத்தும் முறை ஆகியவற்றைக் கண்டறிந்து, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தே அங்கெல்லாம் நிலைத்தார்கள்.

எனினும் எல்லாவற்றையும் சூழலின் கணக்கில் எழுதுவது தவறு. ஒரு செயலைப் பார்த்துக் கற்கும்போது, பயனற்றது என்று வெளிப்படையாகத் தெரியும் படியைச் சிம்பன்சிகள் விட்டுவிடுகின்றன. மனிதக் குழந்தைகளோ அதையும் சேர்த்தே செய்கிறார்கள் என்பதைப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. கற்பிப்பவர் மீது வைக்கும், அறிவுக்குறைவு போலத் தோன்றும் இந்த நம்பிக்கைதான், காரணம் புரியாத நுட்பங்களையும் சிதையாமல் அடுத்த தலைமுறைக்குக் கடத்துகிறது. அதே வழியில், தற்செயலாகத் தோன்றிய வழக்கமும் ஒரு குழுவில் வேரூன்றி, காலப்போக்கில் ‘நம்மவர்’ யார் என்பதைக் காட்டும் அடையாளமாகிவிடுகிறது. பாப்புவா நியூ கினியில் 800க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குவதற்கு மலைகளும் சதுப்புகளும் ஓரளவே காரணம். அண்டைக் குழுவினரிடமிருந்து வேறுபட்டு நிற்க வேண்டும் என்ற விருப்பத்துக்கும் அதில் பங்குண்டு.

கேள்வி: விலங்குகளுக்குப் பண்பாடு உண்டா?

பதில்: உண்டு. ஐவரி கோஸ்ட்டில் ‘தாய்’ (Taï) என்னும் பெயருடைய காட்டில் வாழும் சிம்பன்சிகள் கல்லாலும் கட்டையாலும் கொட்டைகளை உடைக்கின்றன. தான்சானியாவின் கோம்பேயில் வாழ்பவற்றிடம் அவ்வழக்கம் இல்லை. ஆனால் தலைமுறைதோறும் திருத்தமும் சேர்க்கையும் பெற்று வளர்வது மனிதப் பண்பாட்டில் காணப்படும் அளவுக்கு வேறெந்த விலங்கிடமும் இல்லை.

கேள்வி: நமக்கு நெருங்கிய உறவுடைய, அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரின் எச்சம் நம்மிடம் உள்ளதா?

பதில்: ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 2 விழுக்காடு அவர்களிடமிருந்து வந்தது.

கேள்வி: பண்பாடு நம் உடலை மாற்றியிருக்கிறதா?

பதில்: மாற்றியிருக்கிறது. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, பாலூட்டிகளில் பொதுவாகத் தாய்ப்பால் மறந்தபின் குறைந்துவிடும். கால்நடை வளர்ப்பு பரவியபின், அந்நொதி வாழ்நாள் முழுவதும் சுரக்கச் செய்யும் மரபணு மாற்றங்கள் ஐரோப்பாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தனித்தனியே பெருகின. முதலில் வந்தது பழக்கம். அதைத் தொடர்ந்ததே உடல் மாற்றம். மங்கோலியாவின் மேய்ச்சல் மக்களில் பெரும்பாலோருக்கு அம்மாற்றம் இல்லாதபோதிலும், பாலைப் புளிக்கவைத்து லாக்டோஸின் அளவைக் குறைத்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாலுணவை நம்பியே வாழ்ந்து வருகிறார்கள்.