வேரடி நுண்ணுயிரும் கரியமில வாயுவும்: கேள்வி பதில்

காரைக்குடி வாசகர்: ஐயா, காற்றில் கரியமில வாயு கூடினால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மூச்சுமுட்டிச் செத்துவிடாதா?

சாகாது. காற்றில் இப்போது பத்து லட்சத்துக்கு 420 பங்குக்குச் சற்று மேல். தொழிற்புரட்சிக்கு முன் 280. வேரும் நுண்ணுயிரும் விடும் மூச்சால் மண்ணுக்குள் எப்போதுமே ஆயிரக்கணக்கில் இருக்கும். மாற்றம் மரத்தின் வழியாகத்தான் வருகிறது. இலை கூடுதலாகச் சர்க்கரை செய்கிறது, அதில் ஒரு பங்கு வேர்நுனியில் கசிகிறது. அந்தத் தீனிக்குத்தான் நுண்ணுயிர் கூட்டம் பெருகுகிறது. பெருகியபின் மண்ணில் சேர்ந்திருக்கும் பழைய மக்கையும் சேர்த்துத் தின்று, அதிலுள்ள கரியைக் காற்றில் விடும். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

கண்டனூர் வாசகர்: அப்படியானால் மரம் வேகமாக வளருமே அண்ணே?

சத்து இருந்தால் வளரும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் 1998 முதல் 2009 வரை மரங்களுக்குக் கூடுதல் வாயு ஊட்டினார்கள். முதல் ஆறு ஆண்டில் 24 சதவீதம் கூடிய வளர்ச்சி, தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாமல் 2008இல் 9 ஆக இறங்கியது. நமக்கு நெருக்கமானது சிட்னி அருகே முதிர்ந்த தைலமரக் காட்டில் 2012இல் தொடங்கிய ஆய்வு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த மண். மரங்கள் 12 சதவீதம் கூடுதலாகக் கரியை இழுத்தன, ஆனால் பருக்கவில்லை. கூடுதலாக இழுத்ததில் ஏறக்குறைய பாதியை மண்ணே மூச்சாக வெளியே விட்டது. செம்புறாங்கல் தட்டுப்படும் நம் செம்மண்ணிலும் இரும்பு மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரியமில வாயு கூடுவதை நம்பி இங்கே யாரும் தோப்புப் போட வேண்டாம்.

தேவகோட்டை வாசகர்: குழியில் சூப்பர் பாஸ்பேட் போட்டுவிட்டேன். வாம் வேர்ப்பூஞ்சையும் இடலாமா?

இரண்டும் ஒரே குழியில் வேண்டாம். வாம் என்பது வேருக்குள் வாழ்ந்து, மண்ணின் மணிச்சத்தை மரத்துக்குக் கொடுத்துச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் பூஞ்சை; சூப்பர் பாஸ்பேட்டோ மணிச்சத்து உரம். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் மரம் பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துவிடும். அடுத்த குழிகளில் மக்கிய தொழுவுரத்தோடு கன்றுக்கு 50 கிராம் வாம், வேர்மண்ணைத் தொடும்படி வையுங்கள். மேலே தூவித் தண்ணீர் விட்டால் வீண். பூஞ்சைக்கொல்லியை வேரில் ஊற்றினால் அதுவும் போச்சு.

கானாடுகாத்தான் ஆசிரியை: பூஞ்சை பிடித்ததைப் பள்ளி ஆய்வகத்தில் பார்க்க முடியுமா?

முடியும் அம்மா. நூல்போன்ற இளவேரை மட்டும் எடுங்கள். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 3 நிமிடம் கொதிக்கவிட்டு (கையுறை, கண்ணாடி கட்டாயம்) நன்றாக அலசுங்கள். வெள்ளை வினிகர் 95 மில்லியில் பேனா நீலமை 5 மில்லி கலந்து, அதில் வேரை இன்னொரு 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் 20 நிமிடம் ஊறட்டும். 100 மடங்கில் பார்த்தால் வெளிறிய வேருக்குள் நீல இழைகளும் முட்டைபோன்ற பைகளும் தெரியும். முழுவதும் நீலமாக இருந்தால் வேர் சரியாக வெளுக்கவில்லை. மரவேருக்குக் கொதிநேரத்தைக் கூட்டுங்கள்.