விழித்திரை அடைப்பு: இந்த வாரக் கேள்விகள்

கே: விழித்திரை செல்களைக் காக்க மாத்திரை உண்டா?

விழித்திரைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைபட்டால், அதற்குப் பலன் நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. ரத்தம் நின்றதும் நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருளான குளூட்டமேட் அளவுமீறிக் கொட்டி, கால்சியம் உள்ளே புகுந்து, மூளைக்குப் பார்வைச் செய்தி அனுப்பும் கேங்லியன் செல்கள் சாகத் தொடங்கும். ரத்தம் திரும்பும்போது செல்லைச் சிதைக்கும் ஃப்ரீ ரேடிக்கல் வேறு தாக்கும். இதைத் தடுக்கும் மருந்துகள் எலியில் நன்றாகவே பலித்தன. ஆனால் குளூட்டமேட்டை மறிக்கும் மெமன்டைன் மாத்திரை, இதே செல்கள் சாகும் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனைகளில் தோற்றுவிட்டது. காசை வீணாக்காதீர்கள்.

கே: கண்ணை அழுத்தித் தேய்த்தால் அடைப்பு விலகுமா?

வீட்டில் கூடவே கூடாது. தேய்க்கிற நேரத்தில் ஆட்டோ பிடியுங்கள்.

கே: அப்பாவுக்குத் திடீரென வலது கண் இருட்டிவிட்டது. வலி இல்லாததால் சொட்டு மருந்து போட்டோம், மூன்றாம் நாள்தான் டாக்டரிடம் போனோம். பார்வை திரும்புமா?

'வலி இல்லாததால்' என்று இன்னும் எத்தனை பேர் எழுதப் போகிறீர்கள்? விழித்திரைக்கு வலியே தெரியாது, அதனால் வலிக்காமல் பார்வை போவதுதான் ஆபத்து. கண் மருத்துவ ஆய்வாளர் சோகன் சிங் ஹைரே குரங்குகளில் செய்த ஆய்வில், மையத் தமனி அடைப்பை விழித்திரை சுமார் ஒன்றரை மணி நேரம் தாங்கியது. 4 மணி நேரத்தில் மீளாத பெருஞ்சேதம். அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை யோசிப்பதும் நாலரை மணி நேரத்துக்குள்தான், அதுவும் எல்லாருக்கும் பொருந்தாது. மூன்று நாளுக்குப் பிறகு பார்வை பெரிதாகத் திரும்ப வாய்ப்பு குறைவு, இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இது கண்ணில் வந்த ஸ்ட்ரோக். அடுத்தது மூளையில் வரலாம், முதல் சில வாரங்கள்தான் மோசம். கழுத்து டாப்ளர், ஈசிஜி, எக்கோ, மூளை ஸ்கேன் எல்லாம் உடனே எடுங்கள். வயது 50-ஐத் தாண்டி, தலைவலியோ மெல்லும்போது தாடை வலியோ இருந்தால் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள் பார்க்கச் சொல்லுங்கள். அது தமனி அழற்சியாக இருந்தால் ஸ்டீராய்டு தாமதமானால் மற்ற கண்ணும் போய்விடலாம்.

கே: அடைப்புக்கு எத்தனை ஊசி?

தமனியா, சிரையா என்றே எழுதவில்லை! சிரை அடைப்பில் விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா வீங்கியிருந்தால் கண்ணுக்குள் ஊசியை மாதம் ஒன்றாகத் தொடங்குவார்கள், எண்ணிக்கை ஓசிடி என்ற விழித்திரை ஸ்கேன் பார்த்துத்தான். நடுவில் நிறுத்தாதீர்கள், புது ரத்தக் குழாய்கள் முளைத்து, 3 மாதம் வாக்கில் கண் பிரஷர் ஏறிய கண்களைப் பார்த்திருக்கிறேன்.

கே: ஐந்து நிமிடம் திரை விழுந்த மாதிரி மறைத்தது, அப்புறம் சரியாகிவிட்டது. அடுத்த வாரம் காட்டலாமா?

இன்றே. இது ஸ்ட்ரோக்குக்கு எச்சரிக்கையாக இருக்கலாம். கண்ணாடிக் கடைக்கு இல்லை, ஸ்ட்ரோக் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு. வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம்.