தேவதைக் கதையை நிஜ நடிகர்களை வைத்துப் படமாக எடுக்கும்போது எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது?

சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையை லைவ் ஆக்‌ஷன் படமாக எடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கதைகளையும், இவற்றிலிருந்து வந்த படங்களையும் பல வருடங்களாகத் தேடித் தேடிப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மனிதர்கள் செய்வதற்குக் காரணம் சேருங்கள். மாயத்துக்குக் காரணம் சொல்லவே சொல்லாதீர்கள். சரியாக வராமல் போன படங்களில் பெரும்பாலானவை இதைத் தலைகீழாகச் செய்தவை என்பது என் எண்ணம்.

இந்தக் கதைகளில் யாருக்கும் உள்மனம் என்று ஒன்று கிடையாது. மாற்றாந்தாய் கொடியவள், இளவரசன் அழகன், அவ்வளவுதான். வாயால் சொல்லும்போது அது போதும். கார்ட்டூனிலும் ஓரளவு போதும். ஆனால் உயிருள்ள ஒரு முகத்தைக் குளோசப்பில் வைத்ததுமே பார்ப்பவருக்குக் கேள்விகள் வந்துவிடும். இவள் ஏன் அந்த வீட்டை விட்டு ஓடவில்லை? ஓரிரு இரவு சேர்ந்து ஆடியவனை நம்பி எப்படிக் கல்யாணம் செய்துகொள்கிறாள்?

2015இல் கென்னத் பிரானா எடுத்த சிண்ட்ரெல்லாவில் இதற்கு ஒரு வழி செய்தார்கள். நடனத்துக்கு முன்பே இருவரும் காட்டில் சந்திக்கிறார்கள். அவன் இளவரசன் என்று அவளுக்குத் தெரியாது. நல்ல யோசனைதான். ஆனால் இதே சிக்கலை இன்னும் அழகாகத் தீர்த்த படம் 1973இலேயே வந்துவிட்டது. செக்கோஸ்லோவாக்கியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து தயாரித்த ‘சிண்ட்ரெல்லாவுக்கு மூன்று கொட்டைகள்’ என்ற படம். இயக்கியவர் வாட்ஸ்லாவ் வோர்லிச்செக். இதில் வரும் பெண் அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பவள் இல்லை. குதிரை ஓட்டுவாள். இளவரசனைப் பனியுருண்டையால் அடிப்பாள். வேட்டைக்காரப் பையன் வேஷத்தில் வந்து குறிபார்த்து எய்வதில் அவனை மிஞ்சுவாள். நடனத்தன்று முகத்தை மூடிக்கொண்டு வந்து அவனுக்கு விடுகதை போடுவாள். இவள் ஏன் அவனை விரும்புகிறாள், அவன் ஏன் இவளைத் தேடி அலைகிறான் என்பதற்குத் தனியாக வசனமே தேவைப்படவில்லை.

அந்தப் படத்தில் மாயம் எங்கிருந்து வருகிறது? மூன்று கொட்டைகளிலிருந்து. ஒவ்வொன்றிலும் ஓர் உடை இருக்கிறது. தேவதை வந்து விளக்குவதில்லை, கொட்டைகளுக்குப் பூர்வகதையும் இல்லை. அவளும் வியந்துவிட்டு உடையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். செக் நாட்டிலும் ஜெர்மனியிலும் நார்வேயிலும் இன்றைக்கும் கிறிஸ்துமஸ் தோறும் இந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். அந்தக் கொட்டைகள் எப்படி வேலை செய்கின்றன என்பது யாருக்கும் குறையாகப் படவில்லை.

அடுத்தது, மாயத்தைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பது. இதில், மிருகமாகிப்போன இளவரசன் ஒருவனின் கதையான பியூட்டி அண்ட் த பீஸ்டை வைத்து 1946இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் காக்தோ எடுத்த படத்தைத்தான் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். போர் முடிந்த நேரம், மின்சாரம் அடிக்கடி போகும், ஃபிலிம் சுருளே ஒழுங்காகக் கிடைக்காது. அந்த நிலைமையில் அவர் கோட்டையின் மாயத்தை மனித உடம்பை வைத்தே உண்டாக்கினார். சுவரிலிருந்து நீண்டு விளக்குத் தண்டைப் பிடித்திருப்பவை நிஜக் கைகள். கணப்பின் மேலிருக்கும் சிலை முகங்கள் கண்ணைத் திருப்பிப் பார்க்கும். அவையும் நிஜ மனிதர்களே. நாயகி நடைபாதையில் நடக்காமல் மிதந்து வருவதற்குக் காரணம் அவள் காலுக்குக் கீழே இருந்த சக்கரப் பலகை. எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்த பிறகும் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது. கேமராவுக்கு முன்னால் உண்மையாகவே ஏதோ நடந்தது என்பதை நம் கண் எப்படியோ உணர்ந்துகொள்கிறது.

மிருகமாக நடித்த ழான் மாரேவுக்கு மேக்கப் போட ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் ஆனதாகச் சொல்வார்கள். அத்தனை ரோமத்துக்கு நடுவிலும் அந்தக் கண்கள் அவருடைய கண்களாகவே இருந்தன. இதே கதையை டிஸ்னி 2017இல் எடுத்த படத்தில் மிருகமாக வந்த டான் ஸ்டீவன்ஸ் பொய்க்கால் கட்டிக்கொண்டு, உடல் அசைவைப் பதிவு செய்யும் சென்சார் உடையில் நடித்தார். முகபாவங்களைத் தனியாகப் பதிவு செய்து கிராஃபிக்ஸில் சேர்த்தார்கள். அதில் போட்ட உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த மிருகத்தின் மேல் எனக்குப் பயமும் வரவில்லை, பாவமும் வரவில்லை. பேசும் விளக்கும் கடிகாரமும் அப்படித்தான். டிஸ்னியின் 1991 கார்ட்டூனில் அவை நினைத்தபடி நெளிந்து சிரிக்கும். நிஜப் பித்தளை போலவே செய்தபோது முகம் இறுகிவிட்டது. மாறாக, மத்தேயோ கர்ரோனே 2019இல் எடுத்த பினோக்கியோவில் ஒரு சிறுவனின் முகத்திலேயே மர ரேகைகளை மேக்கப்பாகப் போட்டார்கள். அந்தப் பையன் அழும்போது மரம் அழுவதாகவே நம்பினேன்.

காக்தோ கதையிலும் கை வைத்தார், அதையும் சொல்ல வேண்டும். இந்தக் கதையை முதலில் நீளமாக எழுதியவர் 1740இல் மதாம் தெ வில்நவ். 1756இல் மதாம் தெ போமோன் சுருக்கி எழுதியதுதான் உலகம் முழுக்கப் பரவியது. இரண்டிலும் இல்லாத அவெனான் என்ற ஒரு அழகனை, நாயகியை விரும்புகிறவனாக, காக்தோ புதிதாகச் சேர்த்தார். மிருகம், அவெனான், கடைசியில் தோன்றும் இளவரசன் மூன்றுமே ழான் மாரேதான். மிருகம் இளவரசனாக மாறும் அதே நேரத்தில் அவெனான் மிருகமாகிச் செத்து விழுகிறான். இளவரசனின் முகத்தில், தான் வேண்டாம் என்று சொன்னவனையே நாயகி பார்க்கிறாள். பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்கிறாள். எழுத்தில் செய்ய முடியாத, நடிகர் ஒருவர் இருந்தால் மட்டுமே செய்ய முடிகிற மாற்றம் இது. எதை மாற்றலாம் என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வில்லிகளுக்கு நியாயம் கற்பிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஸ்லீப்பிங் பியூட்டி கதையின் வில்லியை நாயகியாக்கி 2014இல் வந்த மெலிஃபிசென்ட் போல முழுப்படத்தையும் வில்லியின் பக்கமிருந்தே சொன்னால் அது வேறு கதை, அதற்கு அதன் நியாயம் உண்டு. ஆனால் எல்லாப் படத்திலும் ஒரு ஃபிளாஷ்பேக் வைத்துக் கொடுமைக்குக் காரணம் சொன்னால் குழந்தைகள் பயப்பட ஏதுமில்லாமல் போய்விடும். பிரானாவின் படத்தில் மாற்றாந்தாயாக வரும் கேட் பிளான்செட் தன் வாழ்க்கையை ஒரு கதை போல ஒரே காட்சியில் சொல்லி முடிப்பார். அந்த அளவு போதும்.

அப்புறம், எந்தப் பதிப்பை எடுக்கிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பலர் ‘மூலக்கதை’ என்று நினைப்பது டிஸ்னி கார்ட்டூனைத்தான். ஜெர்மனியில் இந்தக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் ஸ்னோ ஒயிட் முத்தத்தால் எழுவதில்லை. சவப்பெட்டியைத் தூக்கிச் செல்கிறவர்கள் தடுக்கியதில் தொண்டையில் இருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்து எழுகிறாள். அவர்களுடைய சிண்ட்ரெல்லாவில் தேவதையே கிடையாது. அம்மாவின் சமாதி மேல் வளர்ந்த மரமும் பறவைகளும்தான். பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ எழுதியதில் வருபவை. பெரோ, கிரிம், டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதியதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், உரிமைத் தொல்லை இல்லை. கார்ட்டூன்காரர்கள் தாங்களாகச் சேர்த்த பெயர்களையும் பாட்டுகளையும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. இதற்காகவாவது பழைய புத்தகத்துக்குப் போவது நல்லது.

பழைய புத்தகத்துக்குப் போனால் வன்முறையும் கூடவே வரும். கிரிம்மின் சிண்ட்ரெல்லாவில் ஒரு சகோதரி செருப்புக்குள் கால் நுழைவதற்காகக் கால் கட்டைவிரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். படிக்கும்போது ஒரு வரி, கடந்துவிடுவோம். நிஜக் காலில் கேமரா வைத்தால் படமே திகில் படமாகிவிடும். அதற்காக வெட்டியெறிய வேண்டாம் என்றுதான் சொல்வேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிற அம்மாவின் முகத்தைக் காட்டலாம். நொண்டிக்கொண்டே சிரித்தபடி வெளியே வருகிறவளைக் காட்டலாம்.

இந்த விஷயத்தில் இன்னும் தக்க படம் கிடைக்காதது ஆண்டர்சனின் கடற்கன்னிக்குத்தான் என்று நினைக்கிறேன். 1837இல் எழுதிய கதையில் சூனியக்காரி அவள் நாக்கையே வெட்டிவிடுகிறாள். வாலுக்குப் பதில் கிடைத்த கால்கள் ஒவ்வோர் அடிக்கும் கத்தி மேல் நடப்பது போல வலிக்கும். அந்த வலியோடு அவள் இளவரசன் முன் ஆடுவாள். டிஸ்னியின் 1989 கார்ட்டூனும் 2023 படமும் குரலை மட்டும் வாங்கிக்கொண்டு வலியை விட்டுவிட்டன. ஒரு நல்ல நடிகையால் பேச்சே இல்லாமல், வெறும் நடையிலேயே கொண்டுவர முடிகிற பாத்திரம் அது; பெரிய செட்டும் கிராஃபிக்ஸும் இல்லாமலேயே எடுக்கலாம். நீங்கள் நிஜமாகவே படம் எடுக்கப் போகிறவர் என்றால் முதலில் அந்தக் கதையைப் படித்துப் பாருங்கள்.