தேறிய பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: வேலை நிமித்தம் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறிய எனக்கு வயது 34. பழைய பிஎம்எக்ஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி, எங்கள் குடியிருப்பின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில், வீடியோக்களைப் பார்த்து ஃப்ளாட்லேண்ட் பழகி வருகிறேன். ஸ்டீம்ரோலர் வித்தை சில மீட்டர் தூரம் வருகிறது. அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே கடைகள் மூடியிருக்கும். அன்று ஒரு பல்பொருள் அங்காடியின் கூரையிட்ட வாகன நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஃப்ளாட்லேண்ட் ஓட்டுகிறார்கள். ஒருமுறை கடந்து போகையில், என் சைக்கிளைப் பார்த்துவிட்டுக் கையசைத்துக் கூப்பிட்டார்கள். அவர்கள் செய்த வித்தைகளைப் பார்த்ததும் கூச்சமாகிவிட்டது. வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கொஞ்சம் தேறிய பிறகு போகலாம் என்று நினைக்கிறேன். எப்படியும் ஒருவர் தனியாகச் செய்யும் வித்தைதானே, அதற்குக் கூட்டம் எதற்கு என்றும் தோன்றுகிறது. "இந்த வயதில் சின்னப் பிள்ளைகளின் சைக்கிளோடு என்ன விளையாட்டு?" என்று மனைவி கேட்கிறார். தங்கள் கருத்து என்ன?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொலோன்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையே செல்லுங்கள். தேறிய பிறகு போகலாம் என்று நீங்கள் எண்ணுவது புரிகிறது. ஆனால் தனியாகத் தேற முடியாத ஓர் இடத்தில்தான் நீங்கள் இப்போது நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. இந்த விளையாட்டின் மகிழ்ச்சியில் பெரும்பகுதி அந்த வாகன நிறுத்தத்தில், அந்த ஏழெட்டுப் பேருக்கு நடுவில் இருக்கிறது. அதை நீங்கள் இன்னும் தொட்டுப் பார்க்கவே இல்லை.

மற்ற வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். ஃப்ளாட்லேண்ட் என்பது மேடு, சரிவு, தடை எதுவுமில்லாத வழவழப்பான சமதரையில், பிஎம்எக்ஸ் எனப்படும் 20 அங்குலச் சக்கரங்கள் கொண்ட சிறிய சைக்கிளில் செய்யும் சமநிலைக் கலை. இரண்டு அச்சுகளின் இருபுறமும் பெக் எனப்படும் உருளைக் கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுபவர் அவற்றின் மேல் காலூன்றி, ஒற்றைச் சக்கரத்தில் உருண்டபடியே சைக்கிளைத் தன்னைச் சுற்றியும், தன்னைச் சைக்கிளைச் சுற்றியும் திருப்புகிறார். நம் வாசகர் குறிப்பிடும் ஸ்டீம்ரோலர் இதன் அடிப்படை வித்தைகளில் ஒன்று. முன்சக்கரம் மட்டும் தரையில் உருளும். பின்சக்கரம் அந்தரத்தில் இருக்க, சைக்கிளின் உடற்சட்டம் முழுவதும் ஓட்டுபவருக்கு முன்னால் நீண்டிருக்கும். அவர் முன் பெக்கில் ஒற்றைக் காலில் நின்றபடி செல்வார். கால் தரையில் படாமல் ஒரு வித்தையிலிருந்து அடுத்ததற்கு மாறிச் சென்று, கடைசியில் பெடலுக்குத் திரும்பி ஓட்டிச் செல்வதுதான் இந்தக் கலையின் முழு வடிவம்.

ஒருவர் தனியாகச் செய்யும் வித்தைதானே என்கிறீர்கள். உண்மைதான். மற்ற விளையாட்டுகளைப் போலப் பந்தைக் கடத்தவோ தோள் கொடுக்கவோ இங்கே யாரும் இல்லை; சக்கரத்தின் மேல் நிற்பவர் தனி ஆள். ஆனால் அவர் செய்வது எவ்வளவு கடினம் என்பது அதையே முயன்று விழுந்தவருக்கு மட்டுமே தெரியும். சாலையோரத்தில் நிற்கும் வழிப்போக்கர், சைக்கிள் வேகமாகச் சுழல்வதைக் கண்டு கை தட்டுவார். மெதுவாக உருண்டுகொண்டே ஒரு பெக்கிலிருந்து மறு பெக்கிற்குக் கால் மாற்றியதை அவர் கவனித்திருக்கவும் மாட்டார். கூட ஓட்டும் நண்பரோ அந்தக் கால் மாற்றத்துக்குத்தான் குரல் எழுப்புவார். தனி ஆவர்த்தனத்தின்போது முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இன்னொரு மிருதங்கக் கலைஞர், அரங்கமே அமைதியாக இருக்கும் ஓர் இடத்தில் தன்னை மறந்து தலையசைப்பாரே, அந்தத் தலையசைப்புக்கு ஈடான ஒன்று இது. நம் உழைப்பு இன்ன இடத்தில் இன்னதென்று துல்லியமாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்ற நிறைவைக் கண்ணாடியோ கைபேசிக் கேமராவோ தந்துவிட முடியாது.

அதே மகிழ்ச்சி மறுபக்கத்திலிருந்தும் வருகிறது என்பதைப் போன பிறகுதான் உணர்வீர்கள். நண்பர் ஒருவர் வாரக்கணக்கில் ஒரே வித்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். சக்கரத்தைக் காலணியின் அடிப்பாகத்தால் தேய்த்துத் தள்ளும் அந்தச் சரக் சரக் ஒலி மாறாத தாளத்தில் கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சைக்கிள் சாய்ந்து, பெக் தரையில் மோதி ஓசையெழுப்பும். மற்றவர்கள் தத்தம் வேலையில் மூழ்கியிருப்பதுபோல் தோன்றினாலும், அந்தத் தாளம் வழக்கமாக அறுபடும் இடத்தைத் தாண்டிவிட்டால் எல்லோருடைய தலையும் ஒரே கணத்தில் திரும்பும். அவர் வித்தையை முடித்துப் பெடலில் கால் வைத்து உருண்டு போகும்போது எழும் கூச்சலில், அவரைவிடச் சுற்றி இருப்பவர்களின் குரல்தான் ஓங்கியிருக்கும். அந்தக் கூச்சலில் என் குரலும் சேர்ந்ததுண்டு; நானே ஒரு வித்தையை முடித்தபோது அடைந்த மகிழ்ச்சிக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

இனி உங்கள் ஸ்டீம்ரோலருக்கு வருவோம். சில மீட்டருக்கு மேல் அது வராததற்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்றாலும், தனியாகப் பழகுபவர்களிடம் பெரும்பாலும் காணப்படுவது இரண்டு. ஒன்று, சக்கரத்தைக் குனிந்து பார்ப்பது. தலை குனிந்தவுடன் தோள் முன்னால் விழுகிறது, எடை இடம் மாறுகிறது. மற்றொன்று, இடுப்பு பின்தங்கிவிடுவது. முன்சக்கரம் ஒன்று மட்டுமே தரையைத் தொடுவதால், உங்கள் எடையும் சைக்கிளின் எடையும் சேர்ந்து அந்தச் சக்கரம் தரையில் பதியும் இடத்துக்கு நேர் மேலே அமைய வேண்டும். உடற்சட்டம் முன்னால் நீண்டிருப்பதால் அச்சம் நம்மை அறியாமலே பின்னால் இழுக்கும். இவற்றை ஓட்டிக்கொண்டிருப்பவர் தானாக உணர்வது மிகவும் அரிது. பத்தடி தள்ளி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவர் இரண்டாவது முயற்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார். உங்களுக்கு ஜெர்மன் மொழி சரளமாக வருமா வராதா என்பதெல்லாம் இங்கே பொருட்டே இல்லை. அவர் எழுந்து வந்து தன் இடுப்பைத் தட்டிக் காட்டிவிட்டு, கையால் முன்னோக்கித் தள்ளுவதுபோல் சைகை செய்தால் பாடம் முடிந்தது.

இந்தக் கலையின் வரலாற்றில் மிகப் பெரிய பாய்ச்சல் நிகழ்ந்ததே இப்படிப்பட்ட ஒரு நண்பர் குழுவில்தான். 1980களில் பிஎம்எக்ஸ் உலகத்தின் தலைநகரம் கலிஃபோர்னியா. நிறுவனங்கள், பத்திரிகைகள், புகழ்பெற்ற வீரர்கள் எல்லாம் அங்கேதான். அக்காலத்து ஃப்ளாட்லேண்டில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்துச் சமநிலை காப்பதே பெரும்பாலும் வழக்கம். அமெரிக்காவின் மறுகோடியில், பென்சில்வேனியா மாநிலத்தின் யார்க் என்ற சிறிய நகரில், பிளைவுட் ஹூட்ஸ் என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்ட சில இளைஞர்கள் வாகன நிறுத்தங்களில் கூடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான கெவின் ஜோன்ஸ், நின்று குதிப்பதை விட்டுவிட்டு, காலால் சக்கரத்தைத் தேய்த்து உருண்டபடியே ஒரு வித்தையை இன்னொன்றோடு கோக்கும் முறையை வளர்த்தெடுத்தார். ஹிட்ச்ஹைக்கர் உட்பட இன்று உலகெங்கும் பயிலப்படும் பல வித்தைகளின் மூலம் அவரே. குழுவின் மற்றொரு நண்பரான மார்க் ஈட்டன் அவற்றையெல்லாம் வீடியோவில் பதிவு செய்தார். அந்த ஒளிநாடாக்கள் கைமாறிக் கைமாறிப் பல நாடுகளுக்குச் சென்றன. கெவின் ஜோன்ஸின் திறமை அவருடையதுதான், அதில் ஐயமில்லை. ஆனாலும், புதிதாக எதையாவது செய்தால் அதன் அருமையை உடனே உணர்ந்து, மறுநாளே அதைத் தாமும் முயன்று பார்க்கும் நண்பர்கள் பக்கத்தில் இல்லாதிருந்தால், பணமோ புகழோ எட்டாத ஓர் ஊரில் அவ்வளவு வித்தைகள் பிறந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பிற்பாடு இந்த விளையாட்டு உயிர் பிழைத்ததும் அத்தகைய குழுக்களால்தான். சாகச விளையாட்டுகளுக்கான எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் இடம்பெற்றிருந்த ஃப்ளாட்லேண்ட், 2003க்குப் பிறகு அதிலிருந்து நீக்கப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சரிவுமேடைகளில் நடக்கும் பிஎம்எக்ஸ் பார்க் பிரிவு சேர்க்கப்பட்டபோதும் ஃப்ளாட்லேண்டுக்கு இடம் கிடைக்கவில்லை. சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் 2019இல் சீனாவின் செங்டு நகரில் நடத்திய நகர்ப்புறச் சைக்கிள் உலகப் போட்டியில்தான் அதற்கென்று ஒரு பிரிவு அமைந்தது. இடைப்பட்ட காலத்தில் தொலைக்காட்சி வெளிச்சமும் பெரிய பரிசுப் பணமும் வற்றிப்போயிருந்தும், ஜப்பானிலும் பிரான்சிலும் ஹங்கேரியிலும் அமெரிக்காவிலும் வாகன நிறுத்தங்களிலும் பாலங்களின் அடியிலும் ஆட்கள் கூடிக்கொண்டேதான் இருந்தார்கள். உங்கள் கொலோன் நகருக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ரைன் நதிக்கரையில் உள்ள யூகெண்ட்பார்க், பல ஆண்டுகள் உலகளாவிய பிஎம்எக்ஸ் போட்டிகள் நடந்த இடம். உங்களைக் கையசைத்துக் கூப்பிட்டவர்களில் மூத்தவர் எவரேனும் இருந்தால், அந்தப் போட்டிகளை நேரில் பார்த்த கதைகளைக் கேட்டு வாங்குங்கள். அவை நாள் முழுக்கக் கேட்டாலும் அலுக்காத கதைகள்.

கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் எதற்காக உங்களைக் கூப்பிட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான்கு பெக்குகள் பொருத்திய சைக்கிளோடு ஒரு புதிய முகத்தைக் காண்பது ஃப்ளாட்லேண்ட் ஓட்டுபவர்களுக்கு அபூர்வம். பெரிய நகரங்களில்கூட அவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்தான். நீங்கள் என்னென்ன செய்வீர்கள் என்று மதிப்பெண் போட அவர்கள் காத்திருக்கவில்லை. தவிர, இதில் கற்றுக்குட்டியும் கைதேர்ந்தவரும் செலவிடும் நேரம் ஒரே மாதிரியானது: இருவருமே பெரும்பாலான நேரம் வித்தை வராமல் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டேதான் இருப்பார்கள். நீங்கள் ஸ்டீம்ரோலரில் தடுமாறுவீர்கள், அவர் அதைவிடக் கடினமான ஒன்றில் தடுமாறுவார், அவ்வளவே வித்தியாசம்.

போனவுடன் நடுவில் புகுந்து ஓட்ட வேண்டியதில்லை. ஓரமாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு உங்கள் பயிற்சியைத் தொடருங்கள். ஒருவர் உருண்டு வரும் பாதையில் மட்டும் குறுக்கே போய்விடாதீர்கள், ஏனெனில் வித்தையின் நடுவில் இருப்பவரால் சட்டென்று விலக முடியாது. தரையில் கிடக்கும் சிறு கற்களைக் காலால் ஒதுக்கிவிடுங்கள். காற்று இறுக்கமாக அடைத்த டயருக்கு ஒரு சிறிய சரளைக் கல்லே போதும், ஆளைக் கவிழ்த்துவிடும். முழங்காலுக்குக் கீழ் அணியும் காப்பு ஒன்றை வாங்கிவிடுங்கள். பெடலும் பெக்கும் கணைக்கால் எலும்பில் இடிக்கும் வலியைத் தனியாகப் பழகியபோதே அறிந்திருப்பீர்கள். கூட்டத்தோடு ஓட்டும்போது உற்சாகத்தில் இன்னும் துணிந்து முயல்வீர்கள் என்பதால் அது கூடுதலாகத் தேவைப்படும்.

மனைவியின் கேள்விக்கு என் பதில்: சக்கரம் சிறியது என்பதால் அது பிள்ளைகளின் சைக்கிள் ஆகிவிடாது, இந்த வித்தைகளுக்கு அந்த அளவுதான் தேவை. வயதைப் பொறுத்தவரை, ஸ்பெயினைச் சேர்ந்த விக்கி கோமெஸ் போன்றவர்கள் நாற்பதைக் கடந்தும் இதில் தலைசிறந்து விளங்குகிறார்கள்; உயரத்திலிருந்து குதிக்கும் வேலை இல்லாததால், மற்ற பிஎம்எக்ஸ் பிரிவுகளைவிட இது உடலை மெதுவாகவே தேய்க்கிறது. இருந்தாலும் அவருடைய கேள்விக்குப் பின்னால் வேறொரு கவலை இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை முடிந்து வந்த கணவர் நிலத்தடியில் தனியாக ஒரு சைக்கிளோடு மணிக்கணக்கில் இருப்பதை எந்த மனைவியும் கொஞ்சம் விசாரத்தோடுதான் பார்ப்பார். வேற்று நாட்டில், நண்பர்களோடு நீங்கள் வாய்விட்டுச் சிரிப்பதை அவர் நேரில் பார்க்கட்டும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அவரையும் ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அங்கேயே கழித்துவிடாதீர்கள், அது அவருக்கும் உரிய நாள்.

கடைசியாக ஒன்று. முதல் நாள் அங்கே போனதும், உங்களைப் போலவே அதே காலை முன்வைத்து, அதே பக்கமாகச் சுற்றுபவர் யார் என்று கவனியுங்கள். இடப்பக்கம் சுற்றுபவருக்கு வலப்பக்கம் சுற்றுபவர் செய்வதை அப்படியே பின்பற்றுவது கடினம், எல்லாவற்றையும் மனத்துக்குள் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அவரைக் கண்டுபிடித்துவிட்டால், உங்கள் ஸ்டீம்ரோலரை நான்கைந்து முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதற்காக அவர் மகிழ்வார்.