டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நிழலுக்கென்று ஒரு தனித் தளம் எதற்கு?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது பகடையும் விதிப்புத்தகமும் கொண்டு கதைமாந்தர்களாக நடித்து ஆடும் ஆட்டம்; அதில் தளம் என்றால் ஒரு தனி உலகம். சொர்க்கங்களும் நரகங்களும் நிலம், நீர், தீ, காற்றுத் தளங்களும் ஏற்கெனவே இருக்கும்போது நிழல் தளம் எதற்கு, அது இருட்டான இன்னொரு நரகம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நரகத்துக்கு மந்திர வாசல் கடந்து போக வேண்டும். நிழல் தளமோ கதைமாந்தர்கள் நிற்கும் அதே தெருவின் மேல் படிந்திருக்கிறது. அதன் பயன் முழுவதும் இந்த அண்மையிலிருந்துதான் பிறக்கிறது என்பது, ஆட்டம் நடத்துபவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து.

2000-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இதைத் தெளிவாகக் காணலாம். அங்கே நிழல் தளம் மனித உலகோடு ஒட்டியே இருக்கிறது. அதே மலைகளும் ஊர்களும் நிறமிழந்து, உருக்குலைந்து தென்படுகின்றன. தொலைவு நிலையாக இல்லாததால், ஷேடோ வாக் மந்திரத்தைக் கொண்டு அதன் விளிம்பில் நடப்பவர்கள் மிக வேகமாகப் பயணம் செய்ய முடிகிறது; 2003-இன் திருத்திய பதிப்பில் அது மணிக்கு 50 மைல். மாயத்தோற்ற மந்திரங்களுக்கும் அத்தளமே மூலப்பொருளைத் தருகிறது. நிழலால் செய்த தீக்கோளத்தைப் பொய்யென்று கண்டுகொண்டவனையும் அது ஓரளவு சுடும். திருத்திய மூன்றாம் பதிப்பில் மந்திரத்தின் வலிமைக்கேற்ப அந்த அளவு 20, 60, 80 விழுக்காடு என உயர்கிறது. பாதி மெய்யான பொய் என்ற இந்த எண்ணத்துக்கு அண்டத்திலேயே ஓர் இடம் கொடுத்ததை நான் மிகவும் போற்றுகிறேன்.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு இதைவிடப் பெரிய பொறுப்பொன்றைக் கொடுத்தது. பழைய அண்ட அமைப்பைக் கைவிட்டு, உயிர் பொங்கி வழியும் ஃபேவைல்ட் ஒருபுறமும் சாவின் சாயல் படிந்த ஷேடோஃபெல் மறுபுறமுமாக, மனித உலகின் இரண்டு பிரதிபலிப்புகளை அது அமைத்தது. இறந்தவர்களின் ஆன்மாக்கள் முதலில் ஷேடோஃபெல்லுக்கு வந்த பின்னரே அடுத்த கதிக்குச் செல்கின்றன; சாவின் தெய்வமான ரேவன் குயினின் இருப்பிடமும் அங்கேதான். இதனால், அதுவரை விதிப்புத்தகத்தில் ஒரு நிகழ்வாக மட்டும் இருந்த மரணம், கால்நடையாகச் சென்று தேடக்கூடிய வழித்தடமாக மாறியது. இறந்த தோழனின் ஆன்மா இன்னும் கடந்து போகவில்லை என்று தெரிந்தால், அதிலிருந்தே ஒரு முழுக் கதை தொடங்கிவிடுகிறது.

2014-இன் ஐந்தாம் பதிப்பிலும் ஷேடோஃபெல் தொடர்கிறது. ஆட்ட உலகில் உள்ள நெவர்விண்டர் நகரின் நிழலான எவர்நைட் அங்கே இருக்கிறது. அத்தளத்தில் தங்குபவர்களைப் பற்றும் அவநம்பிக்கைக்கு ஒரு விருப்ப விதியும் உண்டு: விஸ்டம் (விவேகம்) என்ற பண்புக்காக உருட்டும் பகடையில் 10-ஐ எட்டாதவர் சோர்வுக்கோ அச்சத்துக்கோ பித்துக்கோ ஆளாவார்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1983-இன் ரேவன்லாஃப்ட் சாகசத்தில் பிறந்த பரோவியாவைப் போன்ற அச்ச நாடுகளைப் பிற்காலப் பதிப்புகள் ஷேடோஃபெல்லுக்குள் வைத்துவிட்டன. பரோவியா எந்த ஊரின் நிழலும் அன்று. மூடுபனியால் அடைக்கப்பட்ட ஒரு சிறை அது. எங்கும் தொட்டுக்கொண்டிருக்கும் தளத்துக்குள் எதையும் தொடாத சிறைகளை வைத்தால் இரண்டின் இயல்பும் மங்கிவிடுகிறது. ஆகவே என் ஆட்டங்களில் அவற்றைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறேன்.

சொந்தமாக உலகம் படைக்கிறீர்கள் என்றால், நிழல் தளத்தை அதன் தெய்வங்களிலிருந்து தொடங்காதீர்கள். ஆட்டக்காரர்களுக்கு நன்கு பழகிய ஊர் ஒன்றை எடுத்து, அவர்கள் அடிக்கடி செல்லும் சத்திரமும் கோயிலும் சந்தையும் அங்கே என்னவாகியிருக்கின்றன என்பதை முதலில் எழுதுங்கள்.