பியாட்ரிஸ் டின்ஸ்லி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை இயற்பியல் படிக்கும் என் மகள், வானியலாளர் பியாட்ரிஸ் டின்ஸ்லியைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள். நான் தேடிப் படித்தவற்றிலோ, அவர் குழந்தைகளைப் பிரிந்ததும் நாற்பது வயதில் இறந்ததும்தான் பெரிதாக இருந்தன. அவர் அப்படி என்னதான் செய்தார்?

எம்.

அன்புள்ள எம்.,

பிரபஞ்சம் விரியும் வேகம் எந்த அளவுக்குக் குறைகிறது என்று 1960களில் அளக்க முயன்றவர்கள், பெரிய நீள்வட்ட விண்மீன் மண்டலங்களை (கேலக்சிகளை) ஒரே வாட் கொண்ட பல்புகளாகக் கருதினார்கள். மங்கலாகத் தெரிந்தால் தொலைவில் இருக்கிறது என்பது கணக்கு. அந்தப் பல்பு எக்காலத்திலும் அதே வாட்டாக இருந்ததா என்று கேட்டவர் டின்ஸ்லி. எடை மிகுந்த விண்மீன்கள் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். சிறியவை நெடுங்காலம் மங்கிச் சிவந்து கிடக்கும். எந்த எடையில் எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு காலம் ஒளிர்கிறது என்பதைக் கணினியில் இட்டு, வயது ஏற ஏற ஒரு மண்டலத்தின் மொத்த ஒளியும் நிறமும் எப்படி மாறும் என்று அவர் கூட்டிக் காட்டினார். தொலைவிலிருந்து வருவது பழைய ஒளி என்பதால், நாம் காண்பது அம்மண்டலத்தின் இளமையை. அப்போது அது கூடுதலாக ஒளிர்ந்திருந்தால், இருப்பதைவிட அருகில் இருப்பதாகவே நாம் கணிப்போம், விரிவின் வேகக்குறைவும் மிகையாகிவிடும். ஆலன் சாண்டேஜ் போன்ற மூத்த அறிஞருடன் இதற்காக அவர் வாதிட வேண்டியிருந்தது. இன்று மண்டலங்களின் வயதைக் கணிப்பவர்கள் கையாள்வது அந்தக் கூட்டல் முறையின் வழிவந்ததைத்தான்.

1941இல் இங்கிலாந்தில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த அவர், 1963இல் கணவரின் வேலைக்காக அமெரிக்காவின் டாலஸுக்கு வந்து, 300 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்டினுக்குப் போய்வந்து முனைவர் பட்டம் பெற்றார். டாலஸில் நிலையான வேலை அமையவில்லை. 1974இல் மணவாழ்வு முறிந்தது. தத்தெடுத்த இரு குழந்தைகளையும் பிரிந்து யேல் பல்கலைக்கழகத்துக்குப் போன அவர், 1978இல் அங்கே வானியல் பேராசிரியரானார். அந்தப் பிரிவின் வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் ஆண் அறிஞரின் வாழ்க்கையில் இது நேர்ந்திருந்தால், நீங்கள் படித்த பக்கங்களில் ஒரு வரியோடு முடிந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதே 1978இல் தோல் புற்றுநோய் கண்டது. வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டார். 1981 மார்ச்சில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் கடைசிக் கட்டுரையை அனுப்பினார். அவரது ஆய்வேட்டிலிருந்து பிறந்த கட்டுரை 1968இல் வெளியானது. உங்கள் மகளை அருகில் அமர்த்தி, அதை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.