எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை அப்படியே உருவலாமா?

கேள்வி: பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சென்ற ஆண்டு 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கினேன். ‘இப்போதைய விண்டோஸில் எஜெக்ட் (கழற்றும் முன் பாதுகாப்பாக நீக்கும் கட்டளை) செய்யத் தேவையில்லை’ என்றார் கடைக்காரர். எஜெக்ட் கொடுத்தாலும் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்றே வந்ததால், கேபிளை உருவிவிடுவேன். இப்போது செருகினால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. வாரண்டியில் என் குடும்பப் படங்களை மீட்டுத் தருவார்களா?
— வாசகி, அல்சூர்

பதில்: தயவுசெய்து ஃபார்மட் கொடுத்துவிடாதீர்கள், அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் பதியவும் வேண்டாம். கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதைக் குறித்துவைக்கும் அட்டவணை மட்டும் சிதைந்து, படங்கள் அப்படியே இருக்க வாய்ப்புண்டு. ‘டக் டக்’ என்ற சத்தம் கேட்டால் உடனே மின் இணைப்பை நீக்கிவிடுங்கள்.

வாரண்டி பொதுவாகக் கருவிக்குத்தான், அதிலுள்ள தரவுக்கு அன்று. மாற்று டிஸ்க் கொடுத்தால் பழையது பெரும்பாலும் திரும்பி வராது என்பதால், ஒப்படைக்கும் முன்பே தரவை மீட்க முயல வேண்டும். ஆனால் மீட்புக் கடையில் உறையைத் திறந்தால் வாரண்டி போய்விடக்கூடும் என்பதால், நிறுவனத்திடம் முதலில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வதே நல்லது.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. விண்டோஸ் 10-இன் 1809 என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்து, வெளியிலிருந்து இணைக்கும் கருவிகளுக்கு ‘விரைவு நீக்கம்’ என்ற முறையே இயல்பாக அமைந்திருக்கிறது. அதில், எழுத வேண்டியதை விண்டோஸ் நினைவகத்தில் தேக்கிவைப்பதில்லை. ஆயினும் ஏதாவது ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போதே உருவினால், அந்த முறை உங்களைக் காக்காது. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் வடிவங்களில் ஒன்றான என்டிஎஃப்எஸ்ஸில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு உண்டு; பல டிஸ்க்குகளில் இருக்கும் மற்றொரு வடிவமான எக்ஸ்ஃபேட்டில் அது இல்லாததால் சேதம் எளிதில் நேர்கிறது.

‘பயன்பாட்டில் உள்ளது’ என்ற செய்தியை ஓர் எச்சரிக்கையாகவே கொள்ளுங்கள். திறந்திருக்கும் ஃபோல்டர், வீடியோ பிளேயர், பின்னணியில் ஓடும் ஆன்ட்டிவைரஸ் ஆகியவையே பெரும்பாலும் காரணம். கணினியில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ‘ஈவென்ட் வியூவர்’ என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன் கீழ் ‘சிஸ்டம்’ பகுதியில் 225 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடினால், தடுத்த நிரலின் பெயரே அங்கிருக்கும். அப்போதும் விடுபடாவிட்டால், கணினியை ஷட் டவுன் செய்து, டிஸ்க்கின் விளக்கு அணைந்த பிறகு கேபிளைக் கழற்றுங்கள், ஸ்லீப் போதாது.

சோதனையில் டிஸ்க்கே பழுது என்று தெரிந்தும் வாரண்டியை மறுத்தால், ரசீதை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். உருவியதால் சிதைந்த அட்டவணைக்கு அந்த வழி பொருந்தாது.